சிஸ்டர் தொடாத டீ

தொண்ணூறுகளின் தொடக்கம். பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு இத்தாலி சிஸ்டர் வந்தார். விவேக் நகர் கான்வென்டில் எனக்கு ஆறாம் வகுப்பில் இடம் தரலாமா என்று வீட்டைப் பார்த்துப்போக வந்த வயதான கன்னியாஸ்திரீ. அம்மா இஞ்சி தட்டிப்போட்டு டீ வைத்தாள். சிஸ்டர் டம்ளரைத் தொடவேயில்லை. சேர்க்கை ஃபாரத்தைக் கொடுத்து, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. சித்தப்பா சும்மா இருப்பாரா? "வெள்ளைத்தோலா இருந்தா என்ன? இத்தனை வருஷத்துல இந்த ஊர்ப் பழக்கமெல்லாம் கத்துக்கிட்டாங்க. நாம யாருன்னு எவனோ சொல்லியிருக்கான்."

"நம்ம வீட்டு டீயைத் தொடாதவங்க ஸ்கூல் நமக்கு வேணாம்" என்றார் அப்பா. அவர் சொன்னால் சொன்னதுதான். எனக்கோ அந்தக் கான்வென்ட் நீல ஸ்கர்ட் மேல் உயிர். அழுதேன், சோறு வேண்டாம் என்றேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மறுநாள் கான்வென்ட் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சிஸ்டர் கண்ணாடி டம்ளரில் சிவப்பாக எதையோ குடித்துக்கொண்டிருந்தார். ஐயோ, ரத்தம்! ஒரே ஓட்டம் வீட்டுக்கு.

ஒரு வாரம் கழித்து, ஃபாரம் ஏன் வரவில்லை என்று கேட்டு அவரே மறுபடி வந்தார். அப்பா நேராகக் கேட்டுவிட்டார்: "எங்க டீ உங்களுக்கு ஆகாதா சிஸ்டர்?"

அந்தக் கேள்வி புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்துபோனது.

"ஐயோ, அப்படி இல்ல! அப்ப நான் சின்னப் பொண்ணு, எங்க நாட்டில சர்வாதிகாரி ஆட்சி. டீச்சர் சொன்னாங்க, இங்கிலீஷ்காரன் எதிரி, டீ அவனோடது, குடிக்காதே. கை நீட்டி சத்தியம் பண்ணோம். டீக்குப் பதிலா சிவப்புப் பூ காயவச்ச தண்ணி. இப்பவும் அதுதான். அந்த ஆள் செத்தான். எல்லாம் தப்புன்னு தெரியும். ஆனா டீ மட்டும் தொண்டையில இறங்கல."

சித்தப்பா நம்பாமல் உதட்டைப் பிதுக்கினார். அப்பா குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

சிஸ்டர் வாங்கி, வாய் வைத்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அண்ணாந்து குடிக்கத் தெரியாத இவரா ஸ்கூல் நடத்துகிறார் என்று எனக்கு இளக்காரமாக இருந்தது. அப்பா டம்ளரில் பட்ட அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் போனதும் அப்பா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டார். அம்மா டம்ளரைக் கழுவ எடுத்தபோது, "இருக்கட்டும் விடு" என்றார். கண் கலங்கியிருந்தது. நான் கான்வென்டுக்குப் போகப்போகிறேனே என்றுதான் அப்பா அழுகிறார் என்று நினைத்து, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சாயங்காலம் ஓடி வந்துவிடுவேன் என்று சமாதானம் சொன்னேன்.