முப்பத்தொரு சதவீதம்

வீட்டில் கரண்ட் இருக்கிறவர்கள்தான் கரண்ட் இல்லாத இடத்துக்கு ஆசைப்பட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அந்த ஆசை வந்ததில்லை. புயல் அடித்த வருஷம் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் பதினோரு நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். அதற்கு யாரும் கேம்பிங் என்று பெயர் வைக்கவில்லை.

தட்டாஞ்சாவடியில், வேன்களை உள்ளே படுத்துச் சமைத்து வாழ்கிற மாதிரி மாற்றிக் கொடுக்கும் பட்டறையில் எனக்கு வேலை. கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ், கூரையில் சோலார் பேனல், கட்டிலுக்கு அடியில் பேட்டரி. வெல்டிங், தச்சு, பெயிண்ட் எல்லாம் ஆண்கள். ஒயரிங் நான். எலெக்ட்ரிகல் டிப்ளமோ. என் அப்பா இருபது வருஷம் மில்லில் கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவர். அம்மாவுக்கு பஸ் நம்பர் மட்டும் படிக்கத் தெரியும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். எதற்கு?

முழுக்க முழுக்க நானே ஒயரிங் செய்த முதல் வேனை, பிரான்சிலிருந்து ரிட்டயராகித் திரும்பி வந்த ஒருவர் கேட்டிருந்தார். பட்டறையில் எல்லாரும் அவரை முசியே என்பார்கள், அவர் மனைவியை மதாம் என்பார்கள். நான் சார் என்றுதான் கூப்பிட்டேன். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊர்ப் பழக்கம் என்பதற்காக என் வாய் முசியே என்று வளையாது. மதாம் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது.

வாங்குவதற்கு முன்னால் மூன்று நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார் அவர். ஊசுட்டேரிப் பக்கம் அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. அங்கே கரண்ட் கம்பம் கிடையாது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இதோ பாரும்மா, மூணு நாளு பேட்டரி நிக்கணும். நடுவுல ஆஃப் ஆச்சுன்னா அவரு எடுக்க மாட்டாரு. அப்புறம் ஒயரிங்குக்குச் சென்னையிலேருந்து ஆள் போட்டுக்குறேன். நீ முன்னாடி உக்காந்து பில்லு போடு" என்றார்.

பில் போடுவதற்கு டிப்ளமோ எதற்கு? அன்று முழுக்க வேனை வெயிலில் நிறுத்திச் சோதித்தேன். கதவோரம் நான் மாட்டிய மானிட்டர் திரையில் பேனல்கள் முந்நூறு வாட்டுக்கு மேல் காட்டின. பேட்டரி நூறு சதவீதம் நிறைந்தது. சாயந்திரம் முதலாளி பூஜைத் தட்டோடு வந்தார். எலுமிச்சம்பழம், கற்பூரம், சந்தனம், குங்குமம், பூசணிக்காய். வேலையாட்கள் வரிசையாகக் கைகட்டி நின்றார்கள். லித்தியம் பேட்டரிக்குப் பூசணிக்காய் சுற்றுவதை நின்று பார்க்கிற அளவுக்கு நான் இறங்கிவிடவில்லை. டீக்கடைக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஸ்கூட்டியில் தோப்புக்குப் போனேன். வேன் நல்ல அடர்ந்த மாமர நிழலில் நின்றது. கூரையில் பேனல் வைத்த வண்டியை நிழலில் நிறுத்துகிறவரிடம் என்ன பேசுவது? உள்ளே சார் காபி மெஷினைத் தட்டிக்கொண்டிருந்தார். நாலு வாய் காபிக்கு எங்கள் வீட்டு ஃபேன் ஒரு பொழுது ஓடுகிற கரண்டைக் குடிக்கிற மெஷின். மதாம் தலைமுடியை டிரையரில் காயவைத்துக்கொண்டிருந்தார். இருந்ததே கொஞ்சம் முடி. ஒரு துண்டு போதும்.

"சார், நிழல்ல இருந்தா சார்ஜ் ஏறாது. பாருங்க, பத்து வாட்டுதான் வருது."

"பிரான்சுல இந்த மாதிரி வண்டியில ஊர் ஊரா சுத்தியிருக்கோம் பாப்பா. அங்க யாரும் பேட்டரிய எட்டிக்கூடப் பாக்க மாட்டாங்க."

"அங்க போற எடத்துல எல்லாம் ப்ளக்குல சொருகியிருப்பீங்க சார்."

மதாம் டிரையரை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "கரெக்டா சொல்லிட்டா பாரு" என்று கணவரின் தோளைத் தட்டினார். சாப்பிட்டுவிட்டு வேனை வெயிலுக்கு நகர்த்துகிறேன் என்று சார் சொன்னார். எனக்குப் பட்டறையில் வேலை இருந்ததால் உடனே கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குப் போனபோது வேன் வெட்டவெளியில் நின்றது. பேட்டரி அறுபத்தொரு சதவீதம். முந்தின நாள் மத்தியான வெயிலுக்கு அது எண்பதுக்கு மேல் நின்றிருக்க வேண்டும். எனக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. நாள் முழுக்க நிழலில் வைத்திருந்துவிட்டு, நான் வருவதற்குள் வெளியே இழுத்து வைத்திருக்கிறார்கள். ஹோம்வொர்க் எழுதாத பிள்ளைகள் செய்கிற வேலை.

"எப்ப சார் நகத்துனீங்க? இப்பதானே?"

"நேத்து ஒரு மணிக்கே நகத்திட்டேன் பாப்பா."

"சரி சார்" என்றேன். நம்பவில்லை என்பது தெரிகிற மாதிரியே சொன்னேன். தரையில் டயர் தடம் இருந்தது. குனிந்து பார்த்திருந்தால் பழைய தடமா புதுத் தடமா என்று தெரிந்திருக்கும். நான் குனியவில்லை. காபி மெஷினைத் தொடக்கூடாது, டிரையரைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை முப்பத்தொரு சதவீதம். இருபதுக்கு வந்தால் பேட்டரி தானாக அணைந்துவிடும். சாயந்திரம் நாலு மணிக்கு முதலாளி வருகிறார். அன்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கேயே இருந்தேன்.

"காபி போட்டீங்களா சார்?"

"நேத்து நீ எழுதி ஒட்டுனதுலேருந்து ஒரு கப்பு கூடக் குடிக்கல. தல வலிக்குது" என்றார் அவர். முகம் உண்மையிலேயே வாடியிருந்தது. பொய்யை இவ்வளவு நன்றாகச் சொல்கிறாரே என்றுதான் நினைத்தேன்.

பதினோரு மணிக்கு வெயில் உச்சி மண்டையைப் பிளந்தது. வேன் என் கண் முன்னால், ஓர் இலை நிழல்கூட இல்லாத இடத்தில் நின்றது. திரையில் நாற்பத்திரண்டு வாட். முந்நூறு வரவேண்டிய இடத்தில் நாற்பத்திரண்டு.

இனி அவர்களைச் சொல்ல வழியில்லை. கட்டில் பலகையைத் தூக்கி ஃபியூஸ் பார்த்தேன், ஒவ்வொரு முனையையும் அவிழ்த்து முடுக்கினேன், மீட்டரை வைத்து வைத்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. பட்டறை முன்னால் பில் மேஜையில் நான் உட்கார்ந்திருப்பதும், உள்ளே சென்னை ஆள் என் ஒயர்களைப் பிடுங்கிப் போடுவதும் தெரிந்தது. பேட்டரி இருபத்தேழுக்கு வந்திருந்தது. கூரைக்கு ஏறிப் பார்க்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. பேனலை மாட்டியதே நான்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது?

மதாம் ஈரத் துண்டுகளோடு பின்பக்க ஏணியில் ஏறினார். அறுபத்தைந்து வயசிருக்கும். இப்போது அதற்கு மேல் துணி காயப்போட்டு, வருகிற கொஞ்சம் கரண்டையும் கெடுக்கப் போகிறார் என்று, "மதாம், பேனல் மேல எதுவும் போடாதீங்க!" என்று கத்தினேன்.

மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. "நான் எங்க போடுறது? ஏற்கெனவே போட்டு வெச்சிருக்காங்களே. பாப்பா, ஏறி வந்து பாரு, உன் பேனலு கோயிலுக்குப் போயிட்டு வந்திருக்கு."

ஏறினேன். இரண்டு பேனலிலும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், மூன்று விரல் அகலத்தில் சந்தனப் பட்டை. ஒவ்வொன்றிலும் மும்மூன்று. நடுவில் தோசை அளவுக்குக் குங்குமம். மூன்று நாள் வெயிலில் காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. பேனலில் ஒரு வரிசை கண்ணாடிக் கட்டம் மறைந்தாலே மற்றவற்றின் கரண்டும் தடைபடும். இதை நான் பாலிடெக்னிக்கில் படித்து, படம் வரைந்து, முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

மதாம் தன் ஈரத் துண்டையே என்னிடம் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேரும் மண்டி போட்டுத் தேய்த்தோம். கீழேயிருந்து சார் திரையைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "தொண்ணூறு! நூத்தி அறுவது! தேய், தேய்! முந்நூத்தி பத்து!"

இறங்கியதும் அவர் எதிரில் நின்றேன். "நிழல்ல நிறுத்தினீங்கன்னு நெனச்சேன் சார். அது தப்பு."

"வாயால சொல்லல நீ. மூஞ்சியால சொன்ன" என்றார். பிறகு, "இப்ப ஒரு காபி போட்டுக்கலாமா?" என்று கேட்டார். அந்த வயசு மனிதர் என்னிடம் அனுமதி கேட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது. திரையைப் பார்த்தேன். "இப்ப போடலாம் சார்." எனக்கும் ஒன்று கொடுத்தார். குடித்தேன். இதற்கா இவ்வளவு கரண்ட் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

நாலு மணிக்கு முதலாளி வந்தபோது அறுபத்திரண்டு சதவீதம் இருந்தது. எட்டிப் பார்த்தவர் கையைத் தட்டினார். "பாத்தீங்களா முசியே! சும்மாவா, பூஜை போட்டு அனுப்புன வண்டி!"

சாருக்குக் காபி புரையேறிவிட்டது.

"அண்ணே, நீங்க பேனல்ல பூசுன சந்தனந்தான் மூணு நாளா கரண்ட்ட மறிச்சிது" என்றேன்.

முதலாளி முகம் சுருங்கியது. ஆனால் அவர் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. "அப்ப பூசக்கூடாதுன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒயரிங் யாரு, நானா? நான் மேல ஏறும்போது நீ எங்க போயிருந்த?"

"டீ குடிக்க."

மதாம் என்னைப் பார்த்தார். சார் கப்பைக் கழுவி வைத்துவிட்டு, "வண்டிய நான் எடுத்துக்குறேன். ஒயரிங்குல கொற இல்ல. மூணு நாளு வெயிலே இல்லாம நின்னிருக்கே, வேற யாரு வேல இப்படி நிக்கும்?" என்றார். "பாப்பாவுக்குக் கொஞ்சம் மூஞ்சிதான் சரியில்ல."

சென்னை ஆள் வரவில்லை. அடுத்த வேனின் ஒயரிங்கும் என்னிடமே வந்தது. அதை முடித்த அன்று முதலாளி பூஜைத் தட்டை எடுத்தார். பூசணிக்காய் சுற்றுவதில் இப்போதும் எனக்கு ஒரு மரியாதையும் கிடையாது. ஆனாலும் டீக்கடைக்குப் போகவில்லை. ஏணிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். சந்தனக் கிண்ணத்தோடு முதலாளி வந்து, "நகரும்மா" என்றார்.

"டயருக்கு வெச்சுக்குங்கண்ணே" என்றேன்.

அவர் குனிந்து டயருக்கு வைத்தார். கற்பூரம் அணைகிற வரைக்கும் நான் ஏணியை விட்டு நகரவில்லை.