வாலுள்ள நீலப் பூ

கல்யாண மண்டப வாசலில் அந்தப் பூங்கொத்தைப் பார்த்ததும் எரிச்சல் வந்தது. முதுகில் வால் நீட்டிய அதே நீலப் பூ.

உசிலம்பட்டியில் வாத்தியாராக இருந்த எங்கள் அய்யா, வெள்ளைக்காரத் துரை கொடுத்த விதையில் கொஞ்சத்தை, அவர் ஊர் வழக்கப்படி, வருடாவருடம் சித்திரை வெயிலில் விதைப்பார். அம்மா குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் கருகிவிடும். ஒருமுறை கார்த்திகையில் விதைத்தார், பூத்துவிட்டது. தலையில் வைக்க ஒன்று பறிக்கப் போனாள் அம்மா.

"தொடாத. செடி பூராம் விஷம்," என்றார் அய்யா. "நீலமாத் தெரியிறது இதழே இல்ல, மொட்ட மூடியிருக்குமே, அந்தப் புல்லி. நெச இதழு உள்ள சிறுசாக் கெடக்கு. நம்ம கருஞ்சீரகமும் இந்தக் குடும்பந்தான்."

"அப்ப அதையே வெதச்சிருக்கலாம்ல? எண்ணெய் காய்ச்சவாவது ஆகும். இம்புட்டுத் தண்ணி சுமந்தவளுக்கு ஒரு பூ இல்லைங்கிறீக." குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மண்டபத்தில் என் மகள் ஒரு பூவை ஒடித்துக் கொண்டையில் செருகினாள். செடி பூராம் விஷமென்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.