உப்பெடுத்த பேக்கன்

எங்கள் குடியிருப்பின் தரைத்தளத்தில் துணி துவைக்கும் அறை ஒன்று இருக்கிறது. நாலு மெஷின். அதில் ஒன்று எப்போதும் மண்டையைப் போட்டிருக்கும். மீதி மூன்றுக்காகச் சனிக்கிழமை காலையில் பெண்கள் எல்லோரும் கூடையோடு வரிசை கட்டுவோம். துணி சுற்றி முடியும்வரை வாயை மூடிக்கொண்டிருக்க எங்களுக்கு வராது. அரசியல் பேசினால் சண்டை வரும். மாமியாரைப் பற்றிப் பேசினால் அந்த மாமியாரே கூடையோடு வந்து நிற்பார். அதனால் சமையல் பேசுவோம்.

உருளைக்கிழங்கு மொறுமொறுப்பாக வர என்ன செய்ய வேண்டும், கேக் ஏன் நடுவில் குழி விழுகிறது, சூப்பில் எண்ணெய் மிதந்தால் எப்படி எடுப்பது என்று ஆளுக்கொரு தீர்ப்பு சொல்வோம். மூன்றாம் மாடி டீச்சருக்கு எல்லாமே தெரியும். நர்ஸுக்கு டீச்சர் சொல்வது எல்லாமே தப்பு என்று தெரியும். நான் பேக்கரியில் கல்லாவில் நிற்பவள். ரொட்டியைத் தவிர வேறு விஷயத்தில் என் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆனால் பேக்கன் என்று வந்துவிட்டால் டீச்சர்கூட அடங்கிவிடுவார். அது ஜிப் அக்காவின் ராஜ்ஜியம்.

கடைத்தெருவில் ஒரு தையல் கடையில் அக்காவுக்கு வேலை. புதுத்துணி தைக்கிற கடை இல்லை. பேண்ட்டின் நீளம் குறைப்பது, பெருத்த இடுப்புக்குப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது, இவைதான். நாங்கள் தூக்கி எறியத் துணிந்த பைகளையும் ஜாக்கெட்டுகளையும் அவள் கையில் கொடுத்தால் ஜிப் மறுபடி வழுக்கிக்கொண்டு ஓடும். அதிகம் பேசமாட்டாள். ஊசியைப் பல்லில் கடித்துக் கடித்து வாய் அப்படியே பழகிவிட்டது என்று அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

அவர் பஸ் டிரைவர். விடிவதற்கு முன் முதல் வண்டியை எடுக்கப் போகிறவர். பேக்கன், இரண்டு முட்டை, தடித்த ரொட்டி, இதெல்லாம் உள்ளே போகாமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். உப்பில் ஊறிப் புகையில் தொங்கிய அந்தப் பன்றி இறைச்சி சட்டியில் உருகும் வாசனை மாடிப்படி வழியாக ஏறி எல்லார் வீட்டிலும் நுழையும். தனக்கு அலாரமே தேவையில்லை என்பார் டீச்சர்.

"சட்டி சூடா இருக்கக் கூடாதுங்க. ஆறின சட்டியில அடுக்கிட்டு, அப்புறம்தான் அடுப்பப் பத்த வைக்கணும்" என்பாள் அக்கா. "கொழுப்பு தானா உருகி வரும், அதுலயே வேகும். அவசரப்பட்டா ஓரம் கருகிடும், நடுவுல ரப்பர் மாதிரி இழுக்கும்."

சட்டியை நிறைக்காதே, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடாதே, வடிந்த கொழுப்பைக் கொட்டாமல் உருளைக்கிழங்குக்கு வை. இவ்வளவுதான் அவள் பாடம். நாங்களும் அப்படியே செய்து பார்த்தோம். நன்றாகத்தான் வந்தது. அவள் வீட்டில் வருவதுபோல் வரவில்லை.

டிரைவர் அண்ணனுக்கு முதலில் காலில் வீக்கம் வந்தது. ஷூ நுழையவில்லை. பிறகு மாடிப்படியில் பாதி வழியில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டிய அறிவிப்பை வாசிப்பதுபோல் பாவனை செய்ய ஆரம்பித்தார். அந்த அறிவிப்பு வருஷக்கணக்காக அங்கேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள், பஸ் ஓட்டக் கூடாது என்றார்கள், உப்பை அறவே நிறுத்தச் சொன்னார்கள்.

அவர் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். உப்பை விட்டால் வீக்கம் வடியும், வீக்கம் வடிந்தால் ஸ்டியரிங் கிடைக்கும். டாக்டர் அப்படிச் சொன்னாரா என்பது எனக்குத் தெரியாது. அண்ணன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், அக்காவும் அதை அவிழ்க்கவில்லை. யூனிபார்ம் பேண்ட்டை இடுப்பு குறைத்துத் தைத்துத் தேய்த்து மாட்டி வைத்திருந்தாள்.

ஆனால் பேக்கன் இல்லாத காலை அவருக்கு விடியவில்லை. ஒரு சனிக்கிழமை, எங்களிடம் எதையும் கேட்டே பழக்கமில்லாத அக்கா கேட்டாள்:

"பேக்கன்லேர்ந்து உப்ப எப்படி எடுக்கிறது?"

அவ்வளவுதான், அறை முழுக்க வைத்தியர்களாகிவிட்டோம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போடு என்றார் டீச்சர். உருளைக்கிழங்கைச் சேர்த்துப் போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்றேன் நான். "உருளைக்கிழங்குக்கு வேற வேலை இல்ல பாரு" என்றாள் நர்ஸ். கடையில் மாற்று உப்பு விற்கிறதே என்று டீச்சர் இழுத்தபோது நர்ஸ் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அதத் தொடாதீங்க. அவர் சாப்பிடுற மாத்திரையோட அது சேரக் கூடாது. வேக வச்சுத் தண்ணிய ஊத்துங்க. மறுபடியும் வேக வையுங்க, மறுபடியும் ஊத்துங்க. அப்பவும் கொஞ்சம் உப்பு நிக்கும். வாரத்துல ரெண்டு துண்டுக்கு மேல கூடாது."

இரண்டு முறை வேகவைத்த பேக்கனைக் கண்ணால் பார்க்கச் சகிக்காது. வெளிறிப்போய், சுருங்கி, பாவமாக இருக்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு டிரைவர் அண்ணன், "கீழ மெஷின்ல போட்டு எடுத்தியா?" என்று கேட்டாராம். எங்களுக்குச் சிரிப்பு வந்தது, அக்காவுக்கு அழுகை வந்தது. அடுத்த வாரத்திலிருந்து எங்களுக்கு அது ஒரு மானப் பிரச்சினையாகிவிட்டது. வேகவைத்ததைத் துணியில் ஒற்றிக் காயவிட்டு, ஆறின சட்டியில் வைத்து, மிளகைத் தட்டிப் போட்டு, பூண்டு வாசனை காட்டி, இறக்கும்போது எலுமிச்சை பிழிய வேண்டும் என்று மெல்ல மெல்ல ஒரு வழி பிறந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா அவருடைய தீர்ப்பைக் கொண்டுவருவாள். "பரவாயில்லைன்னாரு" என்று ஒருநாள் சொன்னபோது டீச்சர் கைதட்டினார்.

இப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அதன் பிறகு வீக்கம் வடியவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

கடைசியாக வீட்டுக்கு அனுப்பிய அந்தச் சனிக்கிழமை அக்கா கூடை இல்லாமல் இறங்கி வந்தாள்.

"இனிமே பத்தியம் எதுவும் வேணாமாம். அவருக்கு என்ன பிடிக்குதோ குடுக்கச் சொல்லிட்டாரு டாக்டர்."

"அப்பாடா, இப்பவாவது அந்த மனுஷனுக்கு விடிஞ்சுதே" என்றார் டீச்சர். நர்ஸ் கையிலிருந்த போர்வையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டீச்சரின் முகமும் மெல்ல மாறியது.

"அவருக்குத் தெரியாது" என்றாள் அக்கா. "அடுத்த வாரம் மக வர்றா. அதுவரைக்கும் தெரிய வேணாம். பலம் வரட்டும், வண்டி எடுக்கலாம்னு சொல்லியிருக்கேன். அந்த நினைப்புலயே இருக்கட்டும்."

நாங்கள் தலையாட்டினோம். பிறகு, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், எங்களுக்குத் தெரிந்ததைப் பேசினோம். எந்தக் கடையில் நல்ல பேக்கன், எவ்வளவு தடிமனாக வெட்டச் சொல்வது. கல்யாணச் சாப்பாட்டுக்குத் திட்டம் போடுவதுபோல் போட்டோம். டீச்சர் தன் கனமான இரும்புச் சட்டியைக் கொடுத்தார். அவர் நாக்கு என்ன சொல்லும் என்று அத்தனை பேரில் ஒருத்தருக்குக்கூடத் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் சூடான ரொட்டியோடு போனேன். வீடு முழுக்க அந்தப் பழைய வாசனை. டிரைவர் அண்ணன் தலையணைகளை முட்டுக்கொடுத்துச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். துண்டுகள் பொன்னிறத்தில், ஓரம் நெளிந்து, பார்க்கவே அழகாக இருந்தன.

ஒரு துண்டைக் கடித்தார். மெல்லுவது நின்றது.

"உப்பு இருக்கே" என்றார்.

அக்கா சட்டியைத் துடைக்கப் போனாள். "அவசரத்துல வேக வைக்க மறந்துட்டேங்க."

"நீ மறக்கிற ஆளா?"

அவள் திரும்பவில்லை. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் கால் வரவில்லை.

"டாக்டர் கைய விரிச்சுட்டாரா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அடுத்த ஸ்டாப் எது என்று கேட்பதுபோல்தான் கேட்டார். அக்காவின் முதுகு குலுங்கியது. அதுவே பதிலாகிவிட்டது.

வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். "மகளுக்குத் தெரியுமா?"

"தெரியும். வர்றா."

"சரி. இங்க வந்து உக்காரு."

உட்கார்ந்தாள். அவர் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு. எனக்காக நீயும்தான் இத்தன நாளா உப்ப விட்டுட்ட. உன் தட்டுல மட்டும் தூவிக்கிற மாதிரி சும்மா கைய ஆட்டுவியே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

எங்களுக்கு அது தெரியாது. ஒரு சனிக்கிழமைகூட அவள் அதைச் சொன்னதில்லை.

அக்கா அந்தத் துண்டை வாயில் போட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, மெல்ல முடியாமல் மென்றாள். பிறகு முகத்தைச் சுளித்தாள்.

"ரொம்பக் கரிக்குதுங்க."

"எனக்கும்தான்" என்றார் அவர். தட்டை மெல்லத் தள்ளி வைத்தார். "நாளைலேர்ந்து நீ எப்பவும் செய்யிறதையே செய்."

அப்படியே செய்தாள். மகள் வந்து சேர்ந்த அன்று காலையும் இரண்டு முறை வேகவைத்து, துணியில் ஒற்றி, மிளகு தட்டிப் போட்டுத்தான் கொடுத்தாள். அவர் பாதித் துண்டு சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அதன் பிறகு அவள் அதைச் செய்ய வேண்டியிருக்கவில்லை.