விரிப்பு மாமா சேர்ந்த ஜிம்

துணிக்கடையில் அவருக்கு விரிப்பு மாமா என்றுதான் பெயர். மழைக்கு ஒதுங்கியவர்கூட அவர் கையில் சிக்கினால் ஜன்னல் திரை வாங்காமல் வெளியே போனதில்லை. வித்தை இவ்வளவுதான்: வந்தவர் எழுந்திருக்கும்வரை விரித்த துணியை மடிக்கக் கூடாது. எதிரே முழங்கால் உயரத்துக்குத் துணி குவிந்துவிட்டால் வெறுங்கையோடு எழ யாருக்கும் கூச்சமாக இருக்கும். ஜன்னலே இல்லாத வீட்டுக்காரருக்கு இரண்டு ஜோடித் திரை விற்ற மனிதர் அவர்.

அப்பேர்ப்பட்டவர் மனைவிக்குப் பல் செட் கட்டப் பணத்தோடு கிளம்பினார். பல் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். கீழ்த்தளத்து ஜிம்மில் ஏசி ஜில்லென்றிருந்தது. எட்டிப் பார்த்தார்.

ஒரு வாலிபன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தான், துண்டு கொடுத்தான், இருக்கிற மெஷினையெல்லாம் ஓட்டிக் காட்டினான்.

"அங்கிள், உங்க எலும்புக்கு வயசு இருபத்தஞ்சுதான். சதைதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு."

இவ்வளவு பாடுபட்ட பிள்ளையை விட்டுவிட்டு எப்படி எழுவது? கூச்சத்தோடு பல் செட் பணத்தைக் கட்டி ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். "பிடிக்கலைன்னா பணம் வாபஸ்" என்று அவன் சொன்னது தாளில் இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை.

"நான் கடிக்கப் பல்லு கேட்டேன். நீங்க தூக்க இரும்பு வாங்கிட்டு வந்திருக்கீங்க. விடுங்க, அதையே மென்னுக்கிறேன்" என்றாள் மனைவி.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனபோது ஜிம்மில் தண்ணீர் இல்லை, துண்டும் இல்லை. "மேனேஜர்தான் கேன்சல் பண்ணணும் சார். இப்பத்தான் வெளிய போனாரு" என்றான் வாலிபன். அந்த மேனேஜர் எப்போதும் இப்போதுதான் வெளியே போகிறவர், உள்ளே வந்ததைக் கண்டவர் இல்லை. ஒப்பந்தத்தின் அடியில், எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்க வேண்டிய எழுத்தில், கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திரும்பாது என்றிருந்தது. செத்துப் போனாலும் மிச்ச மாதங்களுக்கு வந்துபோகலாம் போலிருக்கிறது.

நுகர்வோர் அலுவலகத்து அம்மாள் கொட்டாவிக்கு நடுவே வழி சொன்னாள்.

"அவங்க எழுதிக்கிட்டா சட்டமாயிடுமா? சேர்ந்த ஒரு வாரத்துக்குள்ள வேண்டாம்னு எழுதிக் குடுத்தா திருப்பித் தந்தே ஆகணும். குடுத்ததுக்குக் கையெழுத்து வாங்கிக்குங்க. வாய்ப்பேச்சு வேலைக்கு ஆகாது."

எழுதிக்கொண்டு போனார். மேனேஜர் வெளியே போயிருந்தார்.

"அவசரமில்ல தம்பி, உக்காந்திருக்கேன். நான்தான் மெம்பராச்சே."

புதிதாகச் சேருகிறவர்கள் உட்காரும் மேஜை அது. மாமாவுக்குக் கை சும்மா இருக்குமா? ஒப்பந்தம், ரசீது, கடிதம் எல்லாவற்றையும் வரிசையாக விரித்தார்.

"வாங்கம்மா, உக்காருங்க. இந்த ரகத்தைப் பாருங்க. மேல பளபளன்னு இருக்கும். அடிப்பக்கம் பாருங்க, சாயம் போறது இங்கதான்."

சேர வந்தவர்கள் ஒவ்வொருவராக நன்றி சொல்லிவிட்டு நழுவினார்கள். இருவர் ஜன்னல் திரைக்கு விலைகூடக் கேட்டார்கள்.

"அங்கிள், அதைக் கொஞ்சம் மடிச்சு வைங்களேன்" என்று வாலிபன் கெஞ்சினான்.

"விரிச்சதை மடிக்கிற பழக்கம் இல்ல தம்பி."

உடனே மேனேஜர் பிரசன்னமானார், வெளியிலிருந்து அல்ல, உள் அறையிலிருந்து. கடிதத்தைப் பெற்றுக்கொண்டு கையெழுத்திட்டார், பணமும் வந்தது. மாமா தாள்களை மடித்துக்கொண்டு பல் டாக்டரைப் பார்க்க மாடியேறினார்.

பல் செட் கச்சிதமாக அமைந்தது. அதை மாட்டிக்கொண்டு மனைவி கேட்ட முதல் கேள்வி தெருமுனைவரை தெளிவாகக் கேட்டது.

"எலும்புக்கு இருபத்தஞ்சு வயசுன்னு அவன் சொன்னப்ப, நிஜமாவே நம்புனீங்களா?"