மாப்பிள்ளையைப் பார்க்க மாட்டிய கேமரா

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். படகின் அடியில் தேங்கும் அழுக்குத் தண்ணீரை வாளியால் இறைத்தே ஆளானேன். இன்று இந்தத் துறைமுகத்தில் மூன்று படகுகள் என்னுடையவை. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை. அதனால் யாரையும் சட்டென்று நம்புகிற பழக்கமும் எனக்கில்லை. ஆனால் இதை எழுதுவது என்னைப் பற்றிச் சொல்ல அல்ல. என் பெரிய படகை ஓட்டுகிற மாப்பிள்ளை, அதாவது என் தங்கை கணவர், அவரைப் பற்றிச் சொல்லத்தான்.

வலை தைக்கிற ஆளாக என்னிடம் வந்தவர். முதல் வருடம் முழுவதும் கடலில் வாந்தி எடுத்தார். ஒருநாள்கூட வேலைக்கு வராமல் இருந்ததில்லை. அந்தப் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் தங்கையைக் கொடுத்தேன். சுக்கானைப் பிடித்து இருபத்திரண்டு வருடமாகிறது. கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். படகில் ஏறுமுன் வாளித் தண்ணீரில் கால் கழுவுவார். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் வரும். பேசாத ஆள் என்றால் எனக்கு எப்போதுமே உள்ளுக்குள் ஓர் உறுத்தல்.

கடலில் இடம் காட்டும் ஜிபிஎஸ் கருவியை நான் அந்தப் படகில் வைக்கவே இல்லை. நான் கண்டுபிடித்த மீன் கிடைக்கும் இடம் அந்தப் பெட்டியில் பதிந்துவிடும், எவனாவது எட்டிப் பார்த்துவிடுவான். கிளம்பும்போது ஆட்களின் போன்களையும் ஒரு தகர டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்வேன். அவசரத்துக்கு வயர்லெஸ் இருக்கிறது. வழி பார்க்கக் காம்பஸ் இருக்கிறது. இடம் என் தலையிலும் மாப்பிள்ளை தலையிலும் மட்டும்தான்.

ஒருநாள் ஐஸ் கம்பெனியில் ஒருவன் பேச்சோடு பேச்சாகச் சொன்னான், "உங்க படகும் உங்களுக்குப் போட்டியா இருக்குற ஓனர் படகும் நடுக்கடல்ல ஒட்டி நின்னுச்சாமே!"

மாப்பிள்ளையைக் கேட்டேன். "குடிதண்ணி கேட்டாங்க. ரெண்டு கேன் குடுத்தேன்" என்றார். அவ்வளவுதான். தண்ணீர் மட்டுமா கைமாறியது, மீனும் கைமாறியதா? அன்றைக்கே கேமரா வாங்கினேன்.

கடைகளுக்குக் கேமரா மாட்டும் பெண் ஒருத்தி பையோடு வந்தாள். படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"ஐயா, சுவத்துல மாட்டுற மாதிரி இங்க மாட்டக் கூடாது. வெளிய கம்பத்துல துளை போட்டு, துருப்பிடிக்காத போல்ட், ரெண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போடணும். தனியா ஒரு கம்பிக் கயிறும் கட்டணும். போல்ட் கழண்டாலும் யார் தலையிலயும் விழாது."

"துளையா? என் படகுலயா? தண்ணி எறங்க நீயே வாசல் வெச்சுக் குடுக்குறியா?"

"அதுக்குத்தான் ஐயா ரப்பரு."

"கம்பத்துல வெச்சா தளம் தெரியும். ஆளோட கை தெரியுமா?"

"யாரோட கை?" என்று என்னையே பார்த்தாள். போல்ட் விற்க வந்தவளுக்கு என் வீட்டு விஷயம் எதற்கு? அனுப்பிவிட்டேன்.

மூன்று படகு கட்டியவனுக்கு ஒரு கேமரா மாட்டத் தெரியாதா? உடைந்த பழைய ஒலிபெருக்கி ஒன்றிலிருந்து பெரிய காந்தத்தைக் கழற்றினேன். கேமராவை அதில் இறுக்கினேன். சுக்கான் அறைக்குள் முன் சன்னலுக்கு மேலே ஓர் இரும்புப் பட்டை உண்டு. டப்பென்று ஒட்டிக்கொண்டது. ஒரு கையால் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சுக்கான் பிடிப்பவரின் இரண்டு கைகளும், பின் கதவு வழியே தளமும் ஒன்றாகத் தெரிந்தன. கீழே ஒரு சாண் தள்ளிக் காம்பஸ். போல்ட்டாம், வாஷராம்!

மாப்பிள்ளை கால் கழுவி ஏறினார். நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கா மச்சான்?"

"படகுக்கு."

"சரி" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மூன்று முறை கடலுக்குப் போனார். மூன்று முறையும், மீன் போடக் கொண்டுபோன ஐஸில் பாதி அப்படியே திரும்பி வந்தது. வலை பாறையில் சிக்கிக் கிழிந்திருந்தது. என் இடத்தில் பாறையே கிடையாது, வெறும் மணல்.

"காம்பஸ் சரியில்ல போல மச்சான்" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமா சரியா இருந்த காம்பஸ், கேமரா மாட்டின உடனே கெட்டுப்போச்சாக்கும்?"

அவர் கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தேகம் உறுதியானது. நேரே ஐஸ் கம்பெனிக்குப் போனேன். பத்துப் பேர் நடுவில், "என் மாப்பிள்ளைக்குக் கை கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் தங்கை வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இந்தா படகுச் சாவி. ராத்திரியெல்லாம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு மனுஷன். வேற எந்த ஓனர் இனிமே அவருகிட்ட சுக்கானைக் குடுப்பான்?"

"தப்புப் பண்ணலேன்னா ஏன் பயப்படணும்?"

"அண்ணே, அவரு திருடன்னா உன் கேமராவுல காட்டு. காட்ட முடியலேன்னா, ஐஸ் கம்பெனியில சொன்ன அதே வாயால அங்கேயே இல்லேன்னு சொல்லு. அதுவரைக்கும் உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பதிவு முழுவதையும் பார்த்தேன். கண்தான் எரிந்தது. மாப்பிள்ளை சுக்கானைப் பிடிக்கிறார், காம்பஸை விரலால் தட்டுகிறார், சூரியனைப் பார்க்கிறார், தலையைச் சொறிகிறார். வேறு படகே வரவில்லை. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன். தளத்தின் இடது மூலை மட்டும் கேமராவில் தெரியவில்லை. கைமாற்றம் அங்கேதான் நடக்கிறது என்று முடிவுகட்டி, கேமராவை அந்தப் பக்கம் திருப்பி மாட்ட அந்தப் பெண்ணை மறுபடி கூப்பிட்டேன்.

அவள் வந்த நேரம் மாப்பிள்ளையும் படகில் இருந்தார். தன் டம்ளரையும் துண்டையும் எடுத்துப்போக வந்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"இதை யாரு ஐயா மாட்டினது?" என்று கேட்டுக்கொண்டே, அவள் இரண்டு கையாலும் காந்தத்தைப் பிடுங்கி எடுத்தாள்.

"அப்படியே நில்லும்மா" என்றார் மாப்பிள்ளை.

காம்பஸ் தட்டு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டிப் போட்ட படகு, எங்கும் திரும்பவில்லை. தட்டு மட்டும் இரண்டு விரல் அகலம் நகர்ந்து நின்றது.

"மறுபடி கிட்டக் கொண்டு வா."

கொண்டுவந்தாள். தட்டு பழையபடி கோணலாகப் போனது.

காம்பஸ் காட்டிய வழியை நம்பி மூன்று மணி நேரம் ஓட்டினால், இரண்டு விரல் கோணல் எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கேமரா மாட்டின உடனே காம்பஸ் கெட்டுப்போச்சாக்கும் என்று கேட்டதும் நானேதான். விடை என் வாயிலேயே இருந்திருக்கிறது.

"இரும்பு நகர்ந்தாலே காம்பஸ் திரும்பும். நீங்க காந்தத்தையே தலைமேல வெச்சிருக்கீங்களே ஐயா" என்றாள் அவள்.

மாப்பிள்ளை டம்ளரைத் துண்டில் சுருட்டினார். "அப்ப நான் வரேன் மச்சான்."

"எங்க போறீங்க? நானும் வர்றேன். நடங்க ஐஸ் கம்பெனிக்கு."

அன்றைக்கும் அங்கே பத்துப் பேருக்குக் குறையவில்லை. ஐஸ் உடைக்கிற இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். "என் மாப்பிள்ளை கை சுத்தம். காம்பஸைக் கெடுத்து அவரைப் பாறையில கொண்டுபோய் விட்டவன் நான்" என்று உரக்கச் சொன்னேன். இந்தத் துறைமுகத்தில் இப்படிச் சொன்ன ஓனர் வேறு ஒருவனைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

மாப்பிள்ளை கை நீட்டி என்னிடமிருந்து படகுச் சாவியை வாங்கிக்கொண்டார். "மிஷினைப் போடுங்கப்பா, ஐஸ் கரையுது" என்றார்.

கேமரா இப்போது வெளியே கம்பத்தில் இருக்கிறது. துளை, போல்ட், ரப்பர் வாஷர், கம்பிக் கயிறு எல்லாம் அவள் சொன்னபடி. அவள் ஒவ்வொன்றாக முடுக்கிய நேரமெல்லாம் மாப்பிள்ளை காம்பஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தளம் தெரிகிறது, கை தெரியவில்லை. தங்கை மறுபடி வீட்டுக்கு வருகிறாள்.

ஆனால் ஒரு மாற்றம் உண்டு. நான் சுக்கான் அறைக்குள் கால் வைக்கப் போனால், மாப்பிள்ளை அந்தத் தகர டப்பாவை என் முன்னால் நீட்டுகிறார்.

"போனை இதுல போடுங்க மச்சான்."

"என் போனா? என் படகுலயா?"

"சாவிக்கொத்தையும்."

போடுகிறேன். அதற்குப் பிறகும், சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.