பரீட்சைத் துணி

என் அக்கா ஒரு பெரிய சலவைக்கூடத்தில் கறைப் பிரிவின் பொறுப்பாளர். ஓட்டல்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வருகிற துணிகளில் மெஷினுக்கு மசியாத கறையெல்லாம் அவள் மேஜைக்குத்தான் வரும். மை, மருந்து, ரத்தம், உதட்டுச்சாயம், எதுவானாலும் சாயங்காலத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அப்படிப்பட்டவள் கறையைத் தேடிக் கண்டுபிடித்துப் பத்திரப்படுத்துகிற படிப்பில் போய்ச் சேர்ந்தாள். தடயவியலில் முதுகலை, ஆன்லைனில். பகலெல்லாம் தடயத்தை அழித்துவிட்டுச் சாயங்காலம் அதையே தேட உட்காருவாள். ஒரே ஆள் இரண்டு கட்சியிலும் இருப்பதை நான் அதுவரை அரசியலில்தான் பார்த்திருந்தேன். வேலையை விட்டுவிட்டுப் படிக்க வழியில்லை, விட்டால் வீடு நடக்காது.

நான் அதே கூடத்தில் வேன் ஓட்டுகிறேன். வேலை வாங்கிக் கொடுத்தது அக்கா. குடியிருப்பது அவள் வீட்டு மாடியில், சாப்பிடுவது அவள் சமையலை. இதனால் நான் அவளைப் பற்றி உயர்த்திச் சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். கூடப்பிறந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அவள் வேதியியல் படித்தவள். நல்ல வேலை கிடைக்கும்வரை இருக்கட்டும் என்று சலவைக்கூடத்துக்குள் போனவள், தலை நரைக்கிற வரைக்கும் வெளியே வரவில்லை. நீராவியும் பிளீச்சும் சேர்ந்து அவள் விரல் நுனியைத் தேய்த்துவிட்டன. கல்யாணமான புதிதில் வாங்கிய மோதிரம் கூடப் போட வழியில்லாமல் அலமாரியில்தான் கிடக்கிறது. ஏன் இந்த வயதில் படிப்பு என்று கேட்டேன்.

"ஒவ்வொரு கறையும் என்னன்னு கண்டுபிடிக்கிறேன்டா. கண்டுபிடிச்ச கையோட நானே அழிச்சிடுறேன். ஒரு தடவையாவது நான் கண்டுபிடிச்சதை நாலு பேர் எழுதி வச்சுக்கணும்," என்றாள்.

அதற்கு ஓர் இடமும் தயாராக இருந்தது. தடயவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் வேலைக்கு நேர்முகத்துக்குப் போயிருந்தாள். அவர்களுக்கு அவளைப் பிடித்துப் போயிற்று. இந்தப் பருவத் தேர்வோடு பட்டம் கைக்கு வந்தால் வேலை அவளுக்கு, வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அக்கா நடையே மாறிவிட்டது.

படிப்பு நடந்த அழகைச் சொல்ல வேண்டும். தலையில் கட்டிய துணிக்குள் இயர்போனைச் செருகிக்கொண்டு, தலையணை உறைகளை ஜோடி சேர்த்தபடி, பிணம் எப்படி அழுகும் என்று பாடம் கேட்பாள். முதலாளி பெருந்தன்மைக்காரர். ஒருநாள் கூட லீவு தரவில்லை, ஆனால் வருகிற வாடிக்கையாளர்களிடமெல்லாம் 'எங்க கறைப் பிரிவுல ஒரு விஞ்ஞானி இருக்காங்க' என்று சொல்லிக் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டார். வாரத்துக்கு ஒருமுறை வகுப்பின் இணையப் பக்கத்தில் கருத்து எழுத வேண்டும், மற்றவர்கள் கருத்துக்கும் பதில் எழுத வேண்டும். வகுப்பில் ஒரு பல் டாக்டர், ஒரு மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், இன்னும் பலர். ஒருவர் கருத்தை ஒருவர் படிப்பதில்லை என்றாலும் எல்லோரும் எல்லோருக்கும் 'மிக ஆழமான பார்வை' என்று எழுதிவிடுவார்கள். அதற்கு மதிப்பெண் உண்டு.

வீட்டில் எங்களுக்குத்தான் பாடு. கைரேகைப் பாடம் வந்தபோது டால்கம் பவுடரும் பிரஷுமாக வீடு முழுக்க அலைந்தாள். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. பிஸ்கட் டப்பா பக்கமே போவதில்லை என்று பல மாதங்களாக அவர் சாதித்துக்கொண்டிருந்தார். டப்பா மூடியில் அவருடைய பெருவிரல் பளிச்சென்று வந்து நின்றது. அதன் பிறகு மனிதர் டிவி ரிமோட்டைக் கூடக் கைக்குட்டையால் பிடித்துத்தான் எடுத்தார்.

கடைசியாகச் செய்முறைத் தேர்வு. எல்லா மாணவர்களுக்கும் ஒரே மாதிரி ஒரு பொட்டலம் கூரியரில் வந்தது. உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று, நடுவில் பழுப்பாக ஒரு கறை, ஓரத்தில் எண் எழுதிய சீட்டு பின் குத்தியிருந்தது. கறை என்ன என்று சோதித்து அறிக்கை எழுதி, துணியையும் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டு வெளிச்சம் போதாது என்று அக்கா அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப் போனாள். அவள் மேஜையில் கறை பார்க்கிற விசேஷ விளக்கு உண்டு. பொட்டலத்தைப் பிரித்து, துணியை விளக்குக்குக் கீழே விரித்து வைத்த நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். ஏதோ ஓட்டல்காரர் மேஜை விரிப்புகளைப் பற்றிப் புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா போனாள்.

கறைப் பிரிவில் அவளே போட்ட சட்டம் ஒன்று உண்டு. மேஜையில் கறைத்துணி கிடந்தால் யார் கை சும்மா இருக்கிறதோ அவர் எடுக்க வேண்டும், கறையைக் காய விடக் கூடாது. அன்றைக்குச் சும்மா இருந்த கை மின்னலுடையது. மின்னல் என்பது கை வேகத்துக்காக எல்லோரும் வைத்த பெயர். இரண்டு பிள்ளைகளின் தாய். ஒன்றும் தெரியாமல் வந்தவளுக்கு அக்காதான் தொழில் பழக்கினாள். அவளுக்கு அக்கா சொல்தான் வேதம்.

அக்கா வெகு நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது துணி மேஜையில்தான் இருந்தது. கஞ்சி போட்டு, தேய்த்து, நான்காக மடித்து, சீட்டைப் பழைய இடத்திலேயே பின் குத்தி வைத்திருந்தாள் மின்னல். நான் மூட்டை எடுக்க வந்து வாசலில் நின்றிருந்தேன்.

"பழைய கறை அக்கா. ரொம்ப முரண்டு பிடிச்சுது. நான் விடல," என்றாள்.

அக்கா துணியைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் எங்கே போகும்? "நல்லா எடுத்திருக்க," என்று வாயிலிருந்து வந்துவிட்டது. மின்னல் பூரித்துப் போனாள்.

அக்கா அவளைத் திட்டவில்லை. துணியை அனாதையாக விட்டுவிட்டுப் போனது நான்தானே என்றாள் என்னிடம். வீட்டுக்கு வந்து, படிப்புக்காக வாங்கி வைத்திருந்த ரசாயனங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். எங்காவது ஒரு நூலிழையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்காதா என்று நானும் மாமாவும் பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டோம். எங்கள் பிழைப்பையே நடத்துகிற சலவை ஒரு தடவையாவது மோசமாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். துணியில் ஒன்றுமே இல்லை. அக்கா பழக்கியவள் ஆயிற்றே.

பல் டாக்டர் முதல் ஆளாகத் தன் அறிக்கையை வகுப்புக் குழுவில் போட்டிருந்தார். மனித ரத்தம், சந்தேகமில்லை என்று எழுதியிருந்தார். தொழில் நினைப்பிலேயே எழுதினாரோ என்னவோ, கறை இருந்த இடத்தைத் 'துணியின் கீழ்த்தாடைப் பகுதி' என்று குறிப்பிட்டிருந்தார். ஒருவர் விடாமல் எல்லோரும் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், கீழ்த்தாடையோடு சேர்த்து. போலீஸ்காரர் மட்டும் 'பார்த்தவுடனே தெரிந்தது' என்று ஒரு வரி கூட்டிக்கொண்டார்.

அதையே எழுதிவிடு என்று மாமா சொன்னார். நானும் சொன்னேன். எல்லாம் ஒரே துணி, ஒரே கறை, பதிலும் தெரியும், இதில் என்ன பாவம் என்று நயமாகவும் பயமுறுத்தியும் பேசிப் பார்த்தோம். ஆய்வுக்கூட வேலையை நினைத்துப் பார் என்றேன். நினைக்காமல் இல்லை, நினைத்ததனால்தான் அவள் கண் கலங்கியிருந்தது.

"நாளைக்குக் கோர்ட்ல ஏறி, நான் பார்த்தேன்னு சொல்ற வேலைடா அது," என்றாள். "பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதியா அந்த வேலைக்குப் போறது?"

நடந்ததை நடந்தபடி எழுதினாள். துணி பணியிடத்தில் சலவை செய்யப்பட்டுவிட்டது, என் கவனக்குறைவே காரணம், இப்போது அதில் எதுவும் காணப்படவில்லை. மடிப்புக் கலையாமல் துணியையும் அனுப்பினாள்.

பேராசிரியர் வீடியோவில் வந்தார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவரும் அந்தத் துணியைத் தன் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார். மருந்துக்குக் கூட ஒன்றும் அகப்படவில்லையாம். தன் சர்வீஸில் இப்படி ஒரு துணியைப் பார்த்ததில்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, என்ன போட்டு எடுத்தீர்கள் என்று கேட்டார், தன்னுடைய நல்ல சட்டை ஒன்று கறையோடு கிடக்கிறதாம்.

"தெரியாது சார். நான் அப்ப அங்க இல்ல. பார்க்கல," என்றாள் அக்கா.

என்ன போட்டிருப்பாள் மின்னல் என்று அவளுக்குத் தெரியாதா? தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். பேராசிரியர் அவளுடைய நேர்மையை மனதாரப் பாராட்டிவிட்டுப் பூஜ்யம் போட்டார். கீழ்த்தாடைக்காரர்கள் அத்தனை பேரும் தேறினார்கள். அடுத்த பருவத்தில் அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம் என்று பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. ஆய்வுக்கூடம் அதுவரை காத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டது, மிகவும் மரியாதையாக. அன்று சாயங்காலம் அக்கா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதாள். மாமா டீ போட்டுக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தார். எனக்கு அந்தப் பல் டாக்டரை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல ஆத்திரமாக வந்தது.

மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனோம். கறைப் பிரிவில் எல்லோரும் கூடி நின்றார்கள். அன்றைக்கு அவள் வெளுத்தது அக்காவின் பரீட்சைத் துணி என்று முதலாளி மின்னலிடம் சொல்லிவிட்டாராம். கறைத்துணியைக் கொடுத்துப் பரீட்சை வைத்தால் வேறு எதற்கு வைப்பார்கள்? எடுக்கத்தான். மின்னலின் கணக்கு அது. அக்காவின் பட்டத்தில் தன் கையும் இருக்கிறது என்று பக்கத்துப் பிரிவு வரைக்கும் போய்ச் சொல்லியிருக்கிறாள். கையில் ஒரு டப்பா நிறைய இனிப்பு.

"பாஸ்தானே அக்கா?" என்று கேட்டாள்.

அக்கா என்னை ஒரு தடவை பார்த்தாள். 

"பாஸ்தான்டி. எல்லாம் உன் கையாலதான்," என்றாள்.

எல்லோரும் கை தட்டினார்கள். மின்னல் இனிப்பை எடுத்து அக்கா வாயில் ஊட்டினாள், சந்தோஷத்தில் அவளுக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்த பரீட்சைக்குத் துணி வந்தாலும் தன்னிடமே கொடுத்துவிட வேண்டும் என்று சொன்னாள். இனிப்பை மென்றுகொண்டே அக்கா சரி என்று தலையாட்டினாள்.