பிரிட்ஜ் வேண்டாத ஞானி

காலை ஆறரை மணி. அக்கா வீட்டுப் படலையைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, முற்றத்து மணலில் நின்ற பிரிட்ஜ். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சில மாதங்களாகக் கிரேக்க ஞானிகளை வாசித்து வந்தார். கடைத்தெருவைச் சுற்றிப் பார்த்து, தனக்குத் தேவையில்லாதவை இத்தனையா என்று மகிழ்ந்த ஞானியை அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. தேவை குறையக் குறைய மனிதன் நல்லவனாவான் என்று முடிவெடுத்து, வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றுவிட்டார். விடிந்தால் கரையில் மீன் வந்திறங்கும் ஊரில் மீனைப் பூட்டி வைப்பது பேராசை என்பது அவருடைய வாதம். அக்காவிடம் கேட்கவில்லை.

வாங்குகிறவர் கிண்ணியாவிலிருந்து வந்து, வான் வண்டியை வாசலில் நிறுத்தியிருந்தார். பிரிட்ஜைக் கொடுக்க அக்காவுக்குத் துளியும் விருப்பமில்லை. நாள்தோறும் மீன் சந்தைக்கு ஓடப்போவது அவர்தானே. ஆனாலும் சத்தம் போடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

“இஞ்சேருங்கோ, ஒரு கேள்வி. ஞானி ஆரிட்டையும் கை நீட்டலாமோ?”

“கூடாது. மற்றவையில தங்கியிருக்கிறவன் அடிமை.”

“பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாமோ?”

“ஏன் தட்டுறான்? அவனுக்குத்தான் ஒண்டும் தேவையில்லையே.”

“அப்ப இதை எங்க வைக்கிறது?”

பின்னால் இருந்த கை முன்னால் வந்தது. அதில் அத்தானின் இன்சுலின் பெட்டி.

அத்தான் கோபப்படவில்லை. கோபம் கூடாது என்பதையும் வாசித்திருந்தார். பெட்டியை வாங்கிப் பிரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்து, மெதுவாகச் சாத்தினார்.

வாங்க வந்தவருக்கு முகம் சுருங்கியது. “சேர், வானை வாடகைக்குப் புடிச்சு வந்திரிக்கன். வெறுங்கையோட போக ஏலாது.”

“ஏன் தம்பி வெறுங்கையோட போறியள்?” என்றார் அக்கா. “இவருக்குத் தேவையில்லாத சாமான் இன்னும் கிடக்கு.” அத்தானிடம் திரும்பினார். “உங்கட ஞானியள் படுத்துக் கிடந்தோ யோசிச்சவை?”

அத்தான் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் பிரிட்ஜ் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். பொய் சொல்வதும் கூடாது என்று வாசித்திருப்பார் போலும்.

“இல்லை,” என்றார். “நடந்து நடந்து கதைச்சவை.”

ஏழு மணிக்கு வான் புறப்பட்டது. அதில் அத்தான் படுத்திருந்து வாசிக்கும் சாய்மனைக் கதிரை இருந்தது.